இன்னொருத்தி பேரில் வெந்த கைகள்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் வக்கீல் போன் செய்தார். வெடி விபத்தில் காயம்பட்ட ஒருவருக்கு நஷ்டஈட்டு மனு தயார் செய்துகொண்டிருக்கிறாராம். "ராஜாமணியக்கா, ஆதார்ல ஒரு பேரு இருக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுல வேற பேரு இருக்கு. எதை வச்சு மனுவை ஏத்தட்டும்?" என்று கேட்டார். இப்போது மனுவெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. பேரில் ஓர் எழுத்து பிசகினாலும் வாங்க மாட்டேன் என்று முறைத்துக்கொள்கிறதாம். "ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளும்மா. காகிதம் எங்கயும் ஓடிப்போகாது" என்றேன். "நீங்க சாட்சி சொல்ல ஏறுன கேஸும் இந்த மாதிரிதானாமே? அதை எழுதிக் கொடுங்கக்கா, நாங்களும் தெரிஞ்சுக்கிடுறோம்" என்றார். முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களின் வாக்குமூலத்தை டைப் அடித்தவள் நான். என்னுடையதை எழுத உட்கார்ந்தபோது முதல் பத்தி வரவே ஒரு வாரம் ஆகிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. வானம் பார்த்த பூமி. எங்கள் அய்யாவுக்கு நிலம் இருந்தது, நிலத்துக்குத்தான் மழை இல்லை. நாலு பிள்ளைகளில் ஒருத்தியாவது நிழலில் உட்கார்ந்து பிழைக்கட்டும் என்று என்னை விருதுநகரில் டைப் படிக்க அனுப்பினார். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தேன். ஒரு வருடம் பருப்பு மில்லில் கடிதம் அடித்தேன். பிறகு வக்கீல் சிக்கந்தர் சாரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். குமாஸ்தா வேலையும் நாளடைவில் என் தலையில் விழுந்தது. ரிட்டயர் ஆகும் வரை வேறு இடம் போகவில்லை.

சார் வீட்டார் பரம்பரையாக மிளகாய் வத்தல் வியாபாரிகள். கீழே அண்ணன் தம்பிகளின் மண்டி, மாடியில் சாருடைய அலுவலகம். தும்மாமல் எங்கள் படியேறியவர் எவரும் இல்லை. கண் கலங்கி வருகிறவர்களுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு, வத்தல் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். "வத்தல் விக்குற வீட்டுல பொறந்துட்டு வாயை வித்துப் பொழைக்கிறான்" என்று அவருடைய மூத்த அண்ணன் எல்லார் முன்னாலும் கேலி செய்வார். "வத்தலுக்காவது கிராக்கி இருக்கு" என்று சார் சிரிப்பார்.

எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வெடி ஆபீஸ்களிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் அடிபட்டவர்கள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெயிலில் திரி காயவைக்கப் போகிறவளும் "ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் வாசலில் சொல்லிவிட்டுப் போவாள்.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் கொண்டுவரும் மஞ்சள் பையை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். பிரிக்க மாட்டார். பேனாவும் எடுக்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீக?" வந்தவர்கள் திகைப்பார்கள். கை போன கதையைச் சொல்ல வந்தவரிடம் இட்லியா தோசையா என்று விசாரித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. எனக்கும் ஆரம்பத்தில் வந்தது.

நான் சேர்ந்த புதிதில், கந்தக மூட்டை இறக்கும்போது ஒரு கண்ணை இழந்த ஒருவர் வந்தார். விபத்து எத்தனை மணிக்கு என்று நான் கேட்டபோது ஒரு தடவை ஒன்பது என்றார், ஒரு தடவை மத்தியானம் என்றார், மூன்றாம் தடவை தெரியாது என்றார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும், மனுசனைப் பொய்யன் ஆக்கிவிடுவார். சார் வந்து தன் கேள்வியைக் கேட்டார். "கம்மங்கூழு. தூக்குவாளியில கொண்டு போனேன் அய்யா. பத்து மணி டீக்கு விடுவாக, அப்பக் குடிக்கலாம்னு." "குடிச்சீகளா?" "எங்க குடிச்சேன், அதுக்குள்ளதான் வெடிச்சிருச்சே." நேரம் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது. மரியாதைதான் வந்தது, பழக்கம் வரவில்லை.

என் பெருமையெல்லாம் காகிதத்தில் இருந்தது. போலீஸ் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல், ஆபீஸ் வருகைப் பதிவு, டாக்டரின் ஊனச் சான்று, ரேஷன் கார்டு. இந்த ஐந்திலும் பேர், வயது, தேதி எல்லாம் பொருந்தி வரும்வரை நான் விட மாட்டேன். ஒரு முற்றுப்புள்ளிக்காக மூன்று தடவை பஸ் ஏறியிருக்கிறேன். "ராஜாமணி கொடுக்கிற காகிதம் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது" என்று சாரே மற்ற வக்கீல்களிடம் சொல்வார். எனக்குத் தலையில் கனம் ஏற அது போதாதா.

சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரல் போனால் உழைக்கும் சக்தியில் இத்தனை பங்கு போயிற்று, ஆட்காட்டி விரலுக்கு இத்தனை, முழங்கைக்குக் கீழே என்றால் இத்தனை என்று வரிசையாக இருக்கும். அதை டைப் அடிக்கும்போது நான் என் கைகளைப் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் அடிக்கத்தானே படித்துவிட்டு வந்தேன். ஆனாலும் சில நாட்களில் வீட்டுக்குப் போய்க் குழம்பு கரைக்கும்போது விரல்கள் ஐந்தும் தனித்தனியாக அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இனி அந்த வழக்கு.

சார் மதுரையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாதம் வீட்டில் இருந்தார். படிக்கக்கூடாது, வெளியே வரக்கூடாது. அந்த மாதத்தில் ஒரு நாள் முப்பது வயதுப் பெண் ஒருத்தியும் கூட ஓர் ஆணும் படியேறி வந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் துண்டால் மூடியிருந்தாள். உட்கார்ந்ததும் அந்த ஆள் துண்டை எடுத்தார். வலது கையில் விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி ஓர் உருண்டையாக இருந்தன. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் கொஞ்சம் அசைந்தன. ஒரு சிறிய வெடி ஆபீசில் மருந்து அடைக்கிற அறை வெடித்ததில் உள்ளே இருந்த இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். வாசல் ஓரத்தில் இருந்ததால் இவள் பிழைத்திருக்கிறாள்.

"ஏன் இம்புட்டு நாள் வரல?" என்று கேட்டேன். "மொதலாளி பாத்துக்கிறேன், பாத்துக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார் அந்த ஆள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அது முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. எனக்குக் கை பரபரத்தது. பையை வாங்கிப் பிரித்தேன். ஐந்து காகிதமும் இருந்தன. ஐந்திலும் ஒரே பேர், ஒரே வயது. இவ்வளவு ஒழுங்கான பையை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது.

"சண்முகத்தாய்" என்று காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ம்" என்றாள்.

"இவரு யாரு? சீட்டுல இருக்கிற புருசன் பேரு வேறயா இருக்கு. கொழுந்தனா?"

அந்த ஆள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆமாக்கா, சண்முகத்தாய்க்குக் கொழுந்தன்தான்" என்றார்.

நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, பழைய சோறா இட்லியா என்று கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். மனுவையும் பிரமாண வாக்குமூலத்தையும் அன்றே அடித்தேன். அவளுக்குக் கையெழுத்துப் போடவும் வழியில்லை, கைரேகை வைக்கவும் வழியில்லை. அதனால் கால் பெருவிரல் ரேகையை எடுத்தோம். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்து மை தடவினேன். "காலைத் தொடாதீக அக்கா" என்று கூசிப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எங்கள் ஜூனியர் வக்கீல் கையெழுத்திட்டார். தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்கு மறுநாளே மதுரை போய்த் தாக்கல் செய்து, சீல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எதிர்த்தரப்பு பதில் போட்டது. அப்போது சார் அலுவலகம் வரத் தொடங்கியிருந்தார். அந்தப் பெண்ணை வரச் சொன்னார். பையை மேசைக்கு அடியில் வைத்தார். கேட்டார்.

"காலையில எங்க அக்காவுக்குக் கருப்பட்டிக் காப்பி வச்சுக் குடுத்தேன் அய்யா. அவ பிள்ளை பெத்துப் படுத்திருந்தா. பெறகு நான் பழைய சோறு ரெண்டு வாய் தின்னுட்டு ஓடினேன்."

"எந்த அக்கா?"

"ஓரகத்தியக்கா. சண்முகத்தாய்."

சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடமே கேட்டார்: "அப்ப உங்க பேரு என்னம்மா?"

"பேச்சியம்மா."

பக்கத்தில் இருந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் அவளுடைய புருசன். என் கேள்விக்கு அவர் சொன்னது பொய்யில்லை. சண்முகத்தாய்க்கு அவர் கொழுந்தன்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன், வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். வெடி ஆபீசில் ஒருத்திக்குப் பிரசவம், காய்ச்சல் என்று வந்தால் அவள் வீட்டுப் பெண் ஒருத்தி அவள் பேரிலேயே வேலைக்குப் போவாள். போர்மேனுக்குத் தெரியும், ஆனால் பதிவேட்டில் பேர் மாறாது. சீசன் நேரத்தில் இடம் காலியானால் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவாள், தீபாவளி போனஸும் பேருக்கு எத்தனை நாள் வருகை என்று பார்த்துத்தான் வரும். அதனால் பேரைக் காப்பாற்ற ஒருத்தி போக வேண்டும். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை, ஒத்தாசை என்றுதான் நினைப்பார்கள். அப்படித்தான் சண்முகத்தாய்க்கு ஏழாம் மாதம் ஆனதிலிருந்து பேச்சியம்மாள் மூன்று மாதம் சண்முகத்தாயாக வேலைக்குப் போயிருக்கிறாள். விபத்தன்று ஆம்புலன்சில் ஏற்றும்போது போர்மேன் பதிவேட்டைப் பார்த்துப் பேர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியும் அதையே எழுதிற்று, போலீசும் அதையே எழுதிற்று. தீக்காய வார்டில் ஏழு மாதம் எல்லாரும் அவளைச் சண்முகத்தாய் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நான் கூப்பிட்டப்ப ஏம்மா ம்முன்னு சொன்னே?" என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"வெடி ஆபீஸ் சங்கதின்னா அந்தப் பேருக்குத்தான் பேசணும்னு நெனச்சேன் அக்கா" என்றாள்.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நான் சார் முன்னால் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். "காகிதம் சண்டை போடலைன்னா ஆளு எங்கனயோ சண்டை போடுதுன்னு அர்த்தம், ராஜாமணி" என்று மட்டும் சொன்னார். பிறகு என்ன ஆகும் என்று வரிசையாகச் சொன்னார். இப்படியே விட்டால் பணம் சண்முகத்தாய் பேரில் வரும். பேச்சியம்மாளுக்குச் சட்டப்படி ஒரு காசு கிடையாது. சண்முகத்தாய்க்குக் காகிதத்தில் இரண்டு கையும் போய்விட்டது, இனி அவள் எங்கே வேலைக்குப் போனாலும் அந்தக் காகிதம் முன்னால் வந்து நிற்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் பொய் மனு என்று தள்ளுபடி ஆகிவிடும். உண்மையைச் சொல்லிப் புது மனுப் போடலாம் என்றால் இரண்டு வருடக் கெடு தாண்டிவிட்டது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. காரணம் காட்ட வேண்டும்.

"காரணம் நான்தான் சார்" என்றேன்.

"ஆமா. நீங்க எழுதின பேரை நீங்களே வந்து தப்புன்னு சொல்லி அடிச்சுக் கொடுக்கணும். அது பத்தாது. அந்தச் சண்முகத்தாயும் வரணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அவர்கள் ஊருக்குப் போனேன். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ், ஆடி மாதம், நிற்கக்கூட இடமில்லை. பாதி வழியில் இறங்கி நடந்தேன். ஒரே வீட்டில் நடுவில் சுவர் வைத்து இரண்டு குடும்பமும் இருந்தன. சண்முகத்தாய் இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையோடு நின்றாள். நான் வருவதற்கு முன்பே போர்மேன் வந்து போயிருந்தார். வழக்கை விட்டுவிட்டால் முதலாளி கையில் ஒரு தொகை தருவார், சண்முகத்தாய்க்கு வேலையும் போகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெண்களுக்குக் கொடுக்கிற நஷ்டஈட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரே கையில் கொடுத்தால் சட்டப்படி அது கொடுத்ததாகவே ஆகாது என்று நான் விளக்கினேன். அவள் பாதிதான் கேட்டாள்.

"நான் வந்து, 'ஆமா, எம்பேர்ல இவளை அனுப்பினேன்'னு சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"உன்னை அந்த ஆபீஸ்ல எடுக்க மாட்டாக."

"அந்த ஆபீஸ் மட்டுமா?"

அவளுக்கே தெரியும். இந்த மாதிரி விஷயம் ஒரு சீசனுக்குள் எல்லா ஆபீஸுக்கும் எட்டிவிடும்.

"எழுதினது நீங்க. தப்பு உங்களது. எதுக்கு என் பொழப்பைக் கேக்க வந்திருக்கீக?" என்றாள். சத்தம் போடவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் இருந்தாள், எல்லாம் கேட்டிருக்கும். அவள் வெளியே வரவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். வேண்டுதலுக்குப் போய்விட்டு வந்த ஓர் அம்மாள் என் மடியில் கொஞ்சம் வேப்பிலையைப் போட்டு, "ஆத்தா பாத்துக்கிருவா" என்றார். சண்முகத்தாய் கேட்டது நியாயம் என்பதுதான் என்னை அறுத்தது.

சார் வேலையை நிறுத்தவில்லை. திருத்த மனு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, என் பிரமாண வாக்குமூலம் எல்லாம் தயாரானது. என் வாக்குமூலத்தை நானே டைப் அடித்தேன். "மனுதாரரின் பெயரை நான் அவரிடம் கேட்கவில்லை" என்ற வரியில் மூன்று தடவை பிழை விட்டேன். பிறகு சார் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசியில் கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். எல்லா நகலிலும் இருக்கிற, யாரும் படிக்காத ஒரு வரி. அங்க அடையாளம்: வலது காது மடலுக்குக் கீழே மச்சம், இடது முழங்காலில் பழைய தழும்பு. மயக்கத்தில் கிடந்தவளைப் பார்த்து டாக்டர் எழுதியது. பேர் போர்மேன் சொன்னது, மச்சம் அவளுடையது. அந்தக் காகிதம் முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதையும் நான்தான் நகல் எடுத்து வரிசை எண் போட்டிருந்தேன்.

"இது போதுமா சார்? அவ வராட்டியும்?"

"மச்சம், அடிபட்டது இவுகதான்னு சொல்லும். அன்னைக்கு ஆபீசுக்கு எதுக்குப் போனாகன்னு சொல்லாது. அதை அனுப்புனவுகதான் சொல்லணும்."

விசாரணை நாளில் சார், நான், பேச்சியம்மாள், அவள் புருசன் நான்கு பேரும் காலை முதல் பஸ்ஸில் மதுரை போனோம். சண்முகத்தாய் வரவில்லை. பதினோரு மணிக்கு எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். முதலில் என்னை ஏறச் சொன்னார்கள். கோர்ட்டுக் கூண்டு மாதிரி இல்லை, முழங்கால் உயர மரமேடைதான். ஆனாலும் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். எத்தனையோ பேரை "பயப்படாம ஏறுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "எத்தனை வருசமா இந்த வேலை பாக்குறீங்க?" சொன்னேன். "இவ்வளவு அனுபவம் இருக்கிறவங்க ஒரு ஆள்கிட்ட பேரைக் கேட்காம மனு அடிச்சீங்கன்னு நம்பணுமா?" "அடிச்சேன் சார்." "தெரிஞ்சேதான் அடிச்சிருக்கீங்க. கெடு தாண்டினதும் கதையை மாத்துறீங்க." "இல்ல சார். காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவ ம்முன்னா. நான் ஆளைப் பாக்கல." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆணையர் எழுதிக்கொண்டார். நான் இறங்கினேன்.

பதிவேட்டில் உள்ள சண்முகத்தாய் எங்கே என்று ஆணையர் கேட்டார். சார் எழுந்து, மத்தியானம் வரை அவகாசம் வேண்டும் என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மாள் மட்டும், "அவளுக்குப் பிள்ளை இருக்குல்ல, வர வேண்டாம்னு நானே சொன்னேன்" என்றாள். அவள் புருசன் எழுந்து தூரமாகப் போய் நின்றார்.

மணி ஒன்றரைக்கு மேல் சண்முகத்தாய் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு துணிப்பை. பஸ் மாறி ஏறிவிட்டாளாம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறாள். என்னைக் கடந்து போனாள். பையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவச் சீட்டை எடுத்து சாரிடம் நீட்டினாள். விபத்து நடந்த தேதிக்கு ஒன்பது நாள் முந்திய தேதி அதில் இருந்தது.

மேடையில் ஏறி நின்றவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "உன் பேர்ல வேற ஆளை அனுப்புறது தப்புன்னு தெரியாதா?"

"எங்க ஊர்ல எல்லாரும் அனுப்புறதுதான் அய்யா. போர்மேனுக்கும் தெரியும்."

"இதைச் சொன்னா உனக்கு வேலை போகும், தெரியுமா?"

"தெரியும்." ஆணையர் பக்கம் திரும்பினாள். "என் கைக்கு வர வேண்டியது அய்யா அது. அவ கைக்கு வந்துருச்சு. அதைக்கூட நான் சொல்லலைன்னா எப்படி?"

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். ஓர் அலுவலகப் பெண் ஊழியரைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் பக்கத்து அறையில் பார்த்து வரச் சொன்னார். மச்சமும் தழும்பும் பேச்சியம்மாளிடம் இருந்தன. சண்முகத்தாயிடம் இல்லை.

நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது. பெயர் திருத்தத்தை அனுமதித்தார், தாமதத்தை மன்னித்தார். பதிவேட்டில் யார் பேர் இருந்தாலும் முதலாளியின் வேலையில், அவருடைய ஆள் தெரிந்தே உட்கார வைத்த இடத்தில் அடிபட்டவள் தொழிலாளிதான் என்று எழுதினார். நஷ்டஈட்டை முதலாளி ஆணையரிடம் கட்ட வேண்டும், அது வங்கியில் பேச்சியம்மாள் பேரில் இருக்கும், வட்டி மாதாமாதம் அவளுக்கு வரும். சார் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் முதலில் பேரைப் பார்த்தேன்.

அதை நேரில் கொடுத்துவிட்டு வருவோம் என்று சாரும் நானும் அந்த ஊருக்குப் போனோம். சண்முகத்தாய் வீட்டில் இல்லை. அவள் சொன்னபடியே ஆகியிருந்தது. எந்த வெடி ஆபீஸும் அவளை எடுக்கவில்லை, சீமைக்கருவேலம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். பேச்சியம்மாளுக்குச் சோறு ஊட்டி, குளிக்க வைத்து, சேலை கட்டிவிட்டு, பிறகுதான் காட்டுக்குப் போகிறாள் என்று பேச்சியம்மாளே சொன்னாள்.

சார் உத்தரவைப் படித்து விளக்கினார். அவள் கடைசி வரை கேட்டாள். முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

"வக்கீலய்யா, இதுல பாதியை அவ பேர்ல எழுதிருங்க."

"முடியாதும்மா" என்றார் சார். "அடிபட்டவுக நஷ்டஈட்டை இன்னொருத்தர் பேருக்கு மாத்தச் சட்டத்துல எடம் இல்ல. யாரும் உங்ககிட்ட இருந்து எழுதி வாங்கிறக்கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கு."

பேச்சியம்மாள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"அவ பேர்ல நான் வேகுறதுக்கு மட்டும் எடம் இருந்துச்சே அய்யா" என்றாள்.

அந்த நேரத்தில் சண்முகத்தாய் காட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். அரிவாளை வாசலில் சாய்த்துவிட்டு, எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முள் கிழித்த கையால் முதலில் சாருக்குக் கொடுத்தாள், பிறகு எனக்குக் கொடுத்தாள். நாங்கள் வாங்கிக் குடித்தோம்.